கண்டற் காடும் கடற்கரைக் காவலும்

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அவற்றுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, தொழில் ஆகியவற்றோடு மரத்தையும் விலங்கையும் பறவையையும் சேர்த்துக் கருப்பொருள் என ஒருங்கே எண்ணினர் இலக்கண நூலார். ஓரிடத்து மக்களின் வாழ்வை அவ்விடத்து மரத்தினின்றும் பறவையினின்றும் பிரித்துக் காணல் இயலாது என்னும் கருத்து அப்பகுப்பினுள் அடங்கியுள்ளது. இன்று உயிரியல் வல்லார் 'வாழிடம்' என்று கூறுவதும் ஏறக்குறைய இதுவேயாம்.

மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரை பெரும்பாலும் மணற்கரை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்சீனக் கடலின் பேரலைகள் அதனை நேரே வந்து மோதுகின்றன. மேற்குக் கரையோ அத்தகையதன்று. சுமத்திரா தீவு அரண்போல் எதிரே நிற்பதால் மலாக்கா நீரிணையில் அலை அடங்கி வருகிறது. ஆறுகள் அடித்து வரும் வண்டல், அலையால் அடித்துச் செல்லப்படாமல் கழிமுகங்களிலே படிகிறது. அவ்வாறு படிந்த சேற்றில் தோன்றி வளர்ந்ததே கண்டற் காடு. தமிழில் இதனை அலையாத்திக் காடு என்றும் கூறுவர். அலையை ஆற்றுவது, அதாவது தணிவிப்பது, என்னும் பொருள்பட அமைந்த பெயர் அது. மலாய் மக்கள் 'பாக்காவ்' என்பர். மலேசியாவில் இன்று ஏறத்தாழ 6 இலட்சம் ஹெக்டர் கண்டற் காடு உண்டு. அதில் பெரும்பகுதி சபா மாநிலத்தைச் சேர்ந்தது. தீபகற்பத்தில் எஞ்சியிருப்பது சிறுபகுதியே. அதனைக் காப்பது ஏன் இன்றியமையாதது, காக்கும் வழி யாது என்பதை ஆராய்தல் தகும்.

தில்லையும் கண்டலும்

கண்டற் காடு தமிழர்க்கு அயலான பொருளன்று. கண்டல் என்னும் சொல் சங்க நூல்களிலேயே வழங்குவது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் வந்ததும் ஒரு கண்டற் காட்டு மரத்தினாலேயே. தில்லை மரம் அக்கோயிலின் தலமரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு செய்யும். அதே மரம் மலேசியக் கழிமுகங்களிலும் வளர்கிறது. மலாய் மக்கள் அதனைப் 'பூத்தா பூத்தா' என்று அழைக்கின்றனர். 'பூத்தா' என்றால் குருடு என்று பொருள். ஒரு மரத்தின் இயல்பை இரண்டு கரைகளில் வாழ்ந்த மக்களும் கூர்ந்து கண்டு வைத்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் இன்றும் பரந்த கண்டற் காடு உண்டு. அங்கே சுரபுன்னை எனப்படும் மரமும், இங்கே பாக்காவ் எனப்படும் மரமும் ஓரினத்தைச் சேர்ந்தவையே.

சேற்றில் நிற்கும் திறன்

உப்பு நீரில் மரம் வளர்வது எளிதன்று. நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும். சேற்றினுள் உயிர்வளி இல்லை. மண் இளகியிருப்பதால் வேர் ஊன்றி நிற்கவும் பிடிப்பில்லை. இம்மூன்று இடர்களையும் கண்டல் வகைகள் தம் தம் வழியில் வெல்கின்றன.

பாக்காவ் மரம் தண்டின் நடுப்பகுதியிலிருந்தே வில்போல் வளைந்த வேர்களை நாற்புறமும் இறக்குகிறது. பந்தலுக்குக் கால் நட்டாற்போல் அவை மரத்தைத் தாங்குகின்றன. அப்பி அப்பி எனப்படும் வெண்கண்டலோ சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சு வேர்களை நிமிர்த்துகிறது. நீர் வடிந்திருக்கும் வேளையில் அவ்வேர்களின் துளைகள் வழியே காற்று உட்புகுகிறது. உப்பினை விலக்கும் முறையும் வேறுபடும். பாக்காவ் வேரிலேயே உப்பில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலையின் வழியே வெளியேற்றும். வெயில் நேரத்தில் அதன் இலையைத் தடவிப் பார்த்தால் உப்புத் துகள் கையில் ஒட்டும்.

இவற்றினும் வியப்புடையது பாக்காவின் இனப்பெருக்கம். இதன் விதை மண்ணில் விழுந்தபின் முளைப்பதன்று. தாய்மரத்தின் கிளையில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். முதிர்ந்தபின் நீர் வற்றிய வேளையில் விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும். நீர் ஏறிய வேளையில் விழுந்தால் மிதந்து சென்று வேறிடத்தில் வேர்கொள்ளும்.

எல்லா வகையும் எல்லா இடத்தும் வளர்வதில்லை. 1928ஆம் ஆண்டில் வாட்சன் என்னும் வனத்துறை அறிஞர் மலாயாவின் கண்டற் காடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கடல்நீர் எவ்வளவு அடிக்கடி ஏறுகிறது என்பதைக் கொண்டு கரையை ஐந்து வகுப்பாக அவர் பிரித்தார். எல்லா ஏற்றத்திலும் மூழ்கும் தாழ்நிலம் முதல் வகுப்பு. அரிய பேரேற்றத்தில் மட்டுமே நனையும் மேட்டுநிலம் ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு மரமும் தனக்கு ஏற்ற வகுப்பிலேயே செழிக்கும். நூறாண்டை நெருங்கும் இந்நூலின் கருத்து இன்றும் பயன்படுவது. அதனை மறந்தவர் அடைந்த இழப்பு பின்னர்க் கூறப்படும்.

இலையில் தொடங்கும் உணவு

கண்டற் காட்டின் செல்வம் மரத்தில் மட்டும் இல்லை. உதிரும் இலையில் உள்ளது. ஆண்டு முழுதும் இலை உதிர்கிறது. நண்டுகள் அதனை இழுத்துச் சென்று வளையினுள் வைத்துத் தின்கின்றன. எஞ்சியதைப் பூஞ்சையும் நுண்ணுயிரும் மக்கச் செய்கின்றன. அம்மக்கலை இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உண்கின்றன. ஆழ்கடலில் முட்டையிலிருந்து வெளிவரும் சிலவகை இறாலின் குஞ்சுகள் கரை நோக்கி வந்து, கண்டல் வேர்களின் இடையே வளர்ந்து, பருவம் வந்தபின் மீண்டும் கடலுக்குச் செல்லும். வேர்களின் நெருக்கத்தில் பெரிய மீன் புக இயலாது. ஆகவே குஞ்சுகளுக்கு உணவும் காவலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சந்தையில் வாங்கும் இறாலுக்கும், சேற்றுப் பரப்பில் விளையும் கெராங் சிப்பிக்கும், கழிமுகத்துக் காடே தொட்டில் எனலாம். காட்டை அழித்துவிட்டு மீன் குறைந்தது என்று வருந்துதல், விதைநெல்லைச் சமைத்து உண்டுவிட்டு விளைச்சல் இல்லை என்பதை ஒக்கும்.

நீர் வடிந்தபின் தோன்றும் சேற்றுப்பரப்பு வெறும் பாழ்நிலமாகத் தோன்றும். அதுவே வலசைப் பறவைகளின் உணவுக்களம். சைபீரியாவின் குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள், ஏறத்தாழச் செப்டம்பர் முதல் மார்ச்சு வரை இக்கரையில் தங்கி, புழுவும் சிப்பியும் தின்று வலிவு பெறுகின்றன. அவற்றுள் சில ஆஸ்திரேலியா வரை செல்பவை. நெடுவழிச் செல்வோர்க்குச் சத்திரம் எத்தகையதோ, அத்தகையது இச்சேறு. வழியில் ஒரு சத்திரம் மூடப்பட்டால் அடுத்ததை அடையுமுன் பயணி சோர்வது போலவே பறவையும் சோரும். ஆதலின் ஒரு நாட்டின் சேற்றுப்பரப்பு அழிந்தால் அதன் கேடு பல நாடுகளில் தெரியும்.

மின்மினி தரும் பாடம்

கோல சிலாங்கூரில், சிலாங்கூர் ஆற்றின் கரையில், கம்போங் குவாந்தான் என்னும் சிற்றூர் உள்ளது. இரவில் அங்கே துடுப்புப் படகில் செல்வோர், கரைமரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காணலாம். மலாய் மொழியில் இவற்றைக் 'கெலிப் கெலிப்' என்பர். ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் குறியே அவ்வொளி. அவை பெரிதும் விரும்பி அமர்வது பெரெம்பாங் என்னும் மரத்தில்.

இவ்வளவு கண்டவர், பெரெம்பாங் மரங்களைக் காத்தால் மின்மினியைக் காத்ததாகும் என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. ஒளிரும் பருவம் மின்மினியின் வாழ்வில் இறுதியான சிறு பகுதி. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி புழுவாகக் கழிகிறது. அப்புழு ஆற்றங்கரையின் ஈரமண்ணிலும் நீப்பா முதலியவற்றின் நிழலிலும் வாழ்ந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. அந்நத்தை வாழ வேண்டுமாயின் மண் ஈரமாக இருத்தல் வேண்டும். ஆற்றுநீரில் உப்பும் நன்னீரும் அளவாகக் கலந்திருத்தல் வேண்டும். ஆகவே கரைக்குப் பின்னுள்ள நிலத்தைச் செம்பனைக்காக வெட்டித் திருத்தினாலும், ஆற்றின் மேற்பகுதியில் நீரோட்டம் மாறினாலும், கரையில் கடும் விளக்குகளை ஏற்றினாலும் மின்மினி குறையும். மரம் இருந்தும் ஒளி இராது. 2009ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநில அரசு மின்மினி வாழும் ஆற்றுப் பகுதியைக் காப்புப் பகுதியாக அறிவித்தது. காட்சிக்கு உரிய மரங்களை மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியாத சேற்றையும் காத்தல் வேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம்.

அதே ஊரின் கடற்கரைப் பக்கத்தில் 1987ஆம் ஆண்டு இயற்கைப் பூங்கா ஒன்று அமைந்தது. 1940ஆம் ஆண்டில் தோன்றிய இயற்கைக் கழகத்தின் முயற்சி அதற்குத் துணைநின்றது. வெள்ளிநிறக் குரங்குகளும், பிறந்த சில மாதங்கள் செம்மஞ்சள் நிறமாய் இருக்கும் அவற்றின் குட்டிகளும், நீர்நாய்களும் அங்கே காணத்தக்கவை. சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலமும் இத்தகையதே. கைவிடப்பட்ட இறால் குளங்கள் நிறைந்த அவ்விடத்தின் சிறப்பை 1986இல் பறவை நோக்குவோர் கண்டறிந்து அரசுக்கு எடுத்துரைத்தனர். 1993இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் இயற்கைக் காப்பிடமாயிற்று. நிலம் மிகச் சுருங்கிய நாட்டிலும் மனமிருந்தால் பறவைக்கு இடம் உண்டு என்பதற்கு அது சான்று.

மாத்தாங் காட்டின் புகழும் குறையும்

பேராக் மாநிலத்து மாத்தாங் கண்டற் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. தைப்பிங் வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்கு விறகு தேவைப்பட்டது. 1885இல் தைப்பிங்குக்கும், இன்று கோல செபத்தாங் எனப்படும் போர்ட் வெல்டுக்கும் இடையே இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை அமைந்தது. இவ்வாறு விறகு வெட்டுவது வரம்பு மீறினால் காடே இல்லாது போகும் என்பதை உணர்ந்த அரசு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதனைக் காப்புக் காடாக்கி ஒழுங்குபடுத்தியது.

அவ்வொழுங்கு எளிமையானது. காடு பல கூறுகளாகப் பிரிக்கப்படும். ஒரு கூறு வெட்டப்பட்டபின் மீண்டும் முற்ற வெட்டப்பட 30 ஆண்டு ஆகும். இடையே 15ஆம் ஆண்டில், 4 அடிக் கோல் கொண்டு அளந்து, நெருங்கி நிற்கும் மரங்களைக் களைவர். 20ஆம் ஆண்டில் 6 அடிக் கோலால் அளந்து மீண்டும் களைவர். களைந்தவை கம்பங்களாகும். முற்றியவை கோல செபத்தாங்கின் செங்கற் சூளைகளில் வாரக்கணக்கில் மெல்லப் புழுங்கிக் கரியாகும். இயற்கையாய் முளைக்காத இடத்தில் நாற்று நடப்படும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இம்முறை நடைபெற்று வருவதால், நன்கு ஆளப்படும் கண்டற் காட்டுக்கு மாத்தாங்கை உலக அறிஞர் எடுத்துக்காட்டுவர். பயன்கொள்வதும் காப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அது மெய்ப்பித்தது.

எனினும் அப்புகழுக்குள் ஒரு குறையும் உண்டு. பால்நிற நாரை என்னும் பெரும்பறவை இக்காட்டில் வாழ்ந்தது. தமிழகத்து மஞ்சள்மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவு அது. 1980களில் நூறு அளவில் இருந்த அவ்வினம், 2000களில் பத்துக்கும் குறைவாயிற்று. காட்டின் பரப்பு பெரிதும் குறையவில்லை; மரம் வெட்டும் ஒழுங்கும் தவறவில்லை; பறவை மட்டும் மறைந்தது. ஏன்? நாரைக்குக் கூடு கட்ட முதிர்ந்த நெடுமரம் வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் கூற்றில் அத்தகைய மரம் அரிது. இரை தேட ஆழமற்ற அமைதியான நீர்நிலை வேண்டும். கூடு கட்டும் காலத்தில் மனிதர் நடமாட்டமும் ஆகாது. விறகுக்கு ஏற்ற காடு எல்லாம் நாரைக்கு ஏற்ற காடாவதில்லை என்பது இதனால் தெளிவாகும். நெகாரா விலங்குத் தோட்டத்தில் வளர்க்கப்பட்ட நாரைகள் மாத்தாங்கைச் சார்ந்த கோல கூலாவில் விடப்பட்டன. ஆயினும் கூண்டில் பிறந்ததைக் காட்டில் நிலைநிறுத்தல் பெருமுயற்சி. இருந்ததை இழவாமற் காத்தலோ அதனினும் எளிது.

கரை கட்டியதன் விளைவு

கடலோரச் சமவெளியின் வரலாற்றில் தமிழர்க்கும் பங்கு உண்டு. 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் நடைபெற்றது. அத்தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர். தமிழரும் சீனரும் சாவகத்தாரும் உழைத்த உழைப்பால் கடலோரத்துச் சதுப்புநிலம் வாய்க்கால் வெட்டப்பட்டுத் தென்னைக்கும் செம்பனைக்கும் வயலுக்கும் உரியதாயிற்று. உவர்நீர் உட்புகாதிருக்கக் கடலோரம் நெடுக மண்கரை எழுந்தது. அதனால் பல குடும்பங்கள் வாழ்ந்தன என்பதை மறுத்தற்கில்லை.

ஆனால் எல்லாச் சதுப்புநிலமும் விளைநிலம் ஆவதில்லை. கண்டற் சேற்றில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பொருள் உண்டு. நீரில் மூழ்கியிருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தவுடன் காற்றுப் பட்டு அது கந்தகக் காடியாக மாறும். மண் புளித்துப் பயிரின் வேர் கருகும். வடியும் நீரில் மீனும் மடியும். மேற்குக் கரையில் இத்தகைய புளிப்பு நிலங்கள் பல. காட்டை வெட்டி இறால் குளம் தோண்டுவோர்க்கும் இதே இடர் நேர்கிறது. காடும் போய், குளமும் பயனின்றிக் கைவிடப்படும்.

மற்றொரு கேடும் உண்டு. மண்கரைக்கு வெளியே எஞ்சிய கண்டல் மெல்லிய பட்டையாகச் சுருங்கும்போது அலையின் வலிமை கரையையே தாக்கும். பின்னர்க் கல்லும் சிமெண்டும் கொண்டு பெரும் பொருட்செலவில் கரையைக் காக்க நேரிடும். முன்பு மரம் இலவசமாகச் செய்த வேலையைப் பின்பு பணம் கொடுத்துச் செய்விப்பதாயிற்று.

ஆழிப்பேரலையின் பின்

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைப் பறித்தது. தமிழகத்துக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கடலூர் மாவட்டத்தில் கண்டற் காட்டுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்று 2005இல் அறிஞர் சிலர் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலினின்றும் உள்ள தொலைவும் அதற்குக் காரணமாகலாம் என மறுத்தாரும் உளர். அடர்ந்த காடு அலையின் வேகத்தைக் குறைக்கும்; மிகப் பெரும் அலையை முற்றும் தடுத்துவிடாது என்று கொள்வதே நடுநிலை. நாள்தோறும் வரும் அலையையும் புயலையும் தணிப்பதில் அதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது.

அதன்பின் மலேசியக் கரையெங்கும் கண்டல் நடும் முயற்சி பெருகியது. பினாங்குக் கரைமீனவர் அமைப்பினர் 1990களிலேயே தம் வாழ்வுக்கு இது வேண்டுமென்று உணர்ந்து நடத் தொடங்கியிருந்தனர். நடப்பட்டவற்றுள் பல பிழைத்தன, பல அழிந்தன. அழிந்ததன் காரணம் பெரும்பாலும் இடப்பிழையே. நீர் அடிக்கடி மூழ்கடிக்கும் தாழ்நிலத்தில் பாக்காவை நட்டால் அது நிற்காது. அலை நேரே மோதும் இடத்தில் இளநாற்று நில்லாது. வாட்சன் வகுத்த ஐந்து வகுப்பும் கூறியது இதுவே.

பிச்சாவரத்தில் பழுதடைந்த காட்டை மீட்டவர் முதலில் நாற்றைத் தேடவில்லை. மரம் வெட்டப்பட்ட இடம் தாழ்ந்து, நீர் தேங்கி, வெயிலில் உப்பேறிக் கிடந்ததைக் கண்டனர். 1990களில் அங்கே வாய்க்கால்கள் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழி செய்தனர். நடுதல் அதன்பின் பயன் தந்தது. நீரின் போக்கைச் சீர்செய்தால் காடு தானே திரும்பும். அதனை மறந்து விழாவெடுத்து நாற்று நடுதல் புகைப்படத்துக்கு உதவும்; காட்டுக்கு உதவாது.

பள்ளியின் பங்கு

கழிமுகக் காட்டைக் காத்தல் அரசின் கடமை. சட்டமும் காவலும் அதன் கையில் உள்ளன. ஆனால் எது காக்கத்தக்கது என்னும் மதிப்பு மக்கள் உள்ளத்தில் தோன்றாதவரை சட்டம் ஏட்டளவில் நிற்கும். அம்மதிப்பை விதைக்கும் இடம் பள்ளி. கடலோரத் தோட்டங்களில் பிறந்து வளரும் தமிழ் மாணவர் பலர் செம்பனையை அறிவர். வேலிக்கு அப்பால் சில கல் தொலைவிலுள்ள கண்டலை அறியார். சதுப்பு என்றால் கொசுவும் சேறும் என்றே எண்ணுவர்.

இதனை மாற்றுதல் அரிதன்று. நெய்தல் திணையைக் கற்பிக்கும்போது படத்தில் மட்டும் காட்டாமல், அருகிலுள்ள கழிமுகத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். நீர் வடியும் நேரம் பார்த்துச் சென்றால், ஒருகை மட்டும் பெருத்த நண்டும், சேற்றில் தாவித் திரியும் மீனும், மூச்சு வேரும் ஒரு மணி நேரத்தில் கண்ணெதிரே தோன்றும். கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல மரவகை மாறுவதைப் பலகையில் குறிக்கச் செய்யலாம். திங்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் பறவைகளை எண்ணி ஏட்டில் பதியச் செய்தால், சில ஆண்டுகளில் அவ்வேடே அவ்வூருக்குரிய அறிவுச்செல்வமாகும். ஒவ்வொரு மரத்துக்கும் மலாய்ப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் எழுதி வைத்தால், மொழியறிவும் பெருகும். அண்டையில் வாழும் மலாய் மீனவரின் அறிவும் மதிக்கப்படும்.

பெயர் அறியாத பொருளின்மேல் அன்பு தோன்றாது. அன்பில்லாத பொருளைக் காக்க யாரும் முன்வாரார். தில்லையின் பெயரால் ஓர் ஊரையே அழைத்த மரபில் வந்தவர்க்கு, தாம் வாழும் நாட்டின் கழிமுகத்தில் அதே தில்லை நிற்பதை அறிதலும், அது நிலைத்து நிற்க உதவுதலும் கடனாகும்.